வட்டம் வெயிலில், சனம் நிழலில்

இது 2021 ஆகஸ்டில், கொரோனாக் காலத்தில் எழுதியது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். கடைக்குப் போகிறோம், தள்ளி நில் என்கிறார்கள், எரிச்சலாக வருகிறது. ஆசிரியரிடம் சொன்னேன். “அண்ணே, எண்ணெய்ச் சிக்கு, புழு வைத்த பருப்பு எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தடவை இதையே எழுதிவிடுங்கள்” என்றார். சரி என்றேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், சாலையோரம், அப்பாவுக்குப் பிறகு 32 வருடமாக மளிகைக் கடை நடத்துகிறவன் நான். கடையின் முகப்பு 11 அடி. எடை போட நானும் ஒரு பையனும். என் பதில்கள் எல்லாம் கல்லாவுக்கு உள்ளே உட்கார்ந்து சொல்பவை. அதற்குத் தகுந்த சந்தேகத்தோடு படியுங்கள்.

கேள்வி: மே மாதம் ஒரு நாள் காலை ஆறரைக்கே கடைக்குப் போய்விட்டேன். எனக்கு முன்னால், தள்ளி நிற்கத் தரையில் போட்ட ஒன்பது வட்டம். அதில் மனிதர்கள் மூன்று பேர். மற்றதில் எல்லாம் செருப்பும் பையும் கல்லும். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். என் முறை வருகிற சமயத்தில் செருப்புக்குச் சொந்தக்காரர் எங்கிருந்தோ வந்து காலை நுழைத்துக்கொண்டு “நான்தான் முன்னாடி” என்கிறார். இது என்ன நியாயம்?
(ஓய்வு பெற்ற தபால்காரர், மன்னார்குடி)

பதில்: என் கடையிலும் இதே கதைதான். ஒரு நாள் கல்லாவில் இருந்தபடியே எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 12 வட்டம். அதில் ஆள் நான்கு பேர், செருப்பு மூன்று ஜோடி, கட்டைப்பை இரண்டு, செங்கல் ஒன்று, தண்ணீர்க் குடம் ஒன்று. கடைசி வட்டத்தில் நாய் படுத்திருந்தது. நாய்தான் வட்டத்தை விட்டு நகராமல் இருந்தது.

அந்த வட்டங்கள் வந்த கதையைச் சொல்கிறேன். 2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு 144 போட்டார்கள். அந்த வாரமே வட்டம் போடச் சொல்லிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரி கோலமாவில் போட்டாள். ஒரே ராத்திரியில் எறும்பு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்து சுண்ணாம்பு. கோடை மழை ஒன்று வந்து கரைத்தது. கடைசியில் கதவுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த பச்சை பெயின்ட்.

நூல் பிடித்து ஆறடிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனால், மூன்றாவது வட்டத்திலேயே என் கடை முடிந்துவிட்டது. ஐந்தாவது சைக்கிள் கடை வாசலில். ஏழாவது தையல்காரர் வாசலில். ஒன்பதாவது வாய்க்கால் மதகின் மேல். பன்னிரண்டாவது ஒரு வீட்டுத் திண்ணைக்கு நேராகப் போய் விழுந்தது. அந்த வீட்டு அம்மா இரண்டாம் நாளே வந்துவிட்டார். “ஏங்க, விடிஞ்சு கோலம் போட வந்தா யாரோ ஒரு ஆம்பளை வாசல்ல நின்னு என்னையே பாக்குறாரு” என்று சண்டை. அவர் பார்த்தது கடையை. ஆனால் அந்த அம்மாவிடம் அதை எப்படி விளக்குவது?

எங்கள் சாலை கிழக்கு மேற்கு. காலை ஏழு மணிக்கெல்லாம் 12 வட்டத்திலும் வெயில் நேராக அடிக்கும். எதிர்ப்பக்கம் ஒரு புங்கமரம். அதனால் வட்டம் வெயிலில், சனம் நிழலில். செருப்பை வரிசையில் விட்டுவிட்டு எட்டுப் பத்துப் பேர் மரத்தடியில் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். செருப்புகள் மட்டும் அரசாணைப்படி ஆறடி இடைவெளி விட்டு நிற்கும்.

ஆகவே ஐயா, செருப்புக்காரர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. என் கோபம் கடிகாரத்தின் மேல்தான்.

கணக்குப் பாருங்கள். சாதாரண நாளில் காலை ஆறு முதல் இரவு ஒன்பதரை வரை கடை. 15 மணி நேரத்துக்கு மேல். சுமார் 180 பேர் வந்து போவார்கள். ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் நிற்பதே அபூர்வம். 2020-இல் நேரத்தைப் பகல் இரண்டரை வரை என்றார்கள். ஏப்ரல் 5 முதல் ஒரு மணி வரை. 2021 மே 10-இல் ஊரடங்கு வந்தபோது பன்னிரண்டு வரை, மே 15 முதல் பத்து வரை. ஆறிலிருந்து பத்து என்றால் 240 நிமிடம். ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் வைத்தால் நான் 48 பேர், பையன் 48 பேர். மொத்தம் 96. பாக்கி 84 பேர் எங்கே போவார்கள்? அந்த 84-இல் தானும் ஒருவனாகிவிடக் கூடாது என்று 180 பேரும் ஆறரைக்கே வந்து நிற்கிறார்கள். தரையில் ஆறடி கொடுத்துவிட்டு, கடிகாரத்தில் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பிடுங்கிக்கொண்டார்கள். ஜனங்களைத் தெருவில் சுற்ற விடக் கூடாது என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் பசி பத்து மணியோடு கடையைச் சாத்திக்கொள்ளாதே!

மே 24 முதல் கடையே திறக்கக் கூடாது என்றார்கள். மே 31 முதல் போனில் சொன்னால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், காலை ஏழு முதல் மாலை ஆறு வரை என்று அனுமதி வந்தது. அந்த வாரம்தான் நான் நிம்மதியாக வியாபாரம் செய்தேன். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மூட்டையைக் கட்டிக்கொண்டு பையன் தெருத் தெருவாகப் போனான். வட்டம் இல்லை, செருப்பு இல்லை, சண்டை இல்லை. அவனுக்குத்தான் நாய்த் தொல்லை.

ரேஷன் கடையையும் நினைத்துப் பாருங்கள். ஜூனில் 14 வகை மளிகையும் இரண்டாவது 2,000 ரூபாயும் கொடுத்தபோது டோக்கனில் நாளும் நேரமும் போட்டிருந்தது. பதினோரு மணி டோக்கன்காரர் பதினோரு மணிக்குப் போனால் போதும். என் அக்காவுக்குப் பதினொன்றரை என்று போட்டிருந்தது. ஏழு மணிக்கே போய்ச் செருப்பைப் போட்டுவிட்டு வந்தாள். ஏன் அக்கா என்றால், “எல்லாரும் போட்டிருந்தாங்கடா” என்கிறாள். என்ன செய்ய?

இப்போது இரவு வரை கடை திறந்திருக்கிறது. மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள் ஐயா. கடைக்காரர் தூங்கி வழிந்துகொண்டிருப்பார். கொஞ்சம் இருமிவிட்டு, வேண்டாம், இருமாதீர்கள், கல்லாவைத் தட்டிக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அது என்ன ஆறடிக் கணக்கு? ஐந்தரை அடியில் நின்றால் கிருமி பாயும், ஆறடி என்றால் திரும்பிப் போய்விடுமா?
(கல்லூரி மாணவர், திருவாரூர்)

பதில்: நானும் இதையேதான் கேட்டேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள். 1890-களில் ஜெர்மனியில் ஃப்ளூகே என்று ஒரு அறிஞர், பேசும்போது வாயிலிருந்து தெறிக்கும் துளிகளில் கிருமி இருக்கிறது என்று காட்டினார். 1934-இல் அமெரிக்காவில் வெல்ஸ் என்பவர், பெரிய துளிகள் சீக்கிரமே கீழே விழுந்துவிடும், சிறியவை காய்ந்து காற்றிலேயே மிதக்கும் என்று எழுதினார். ஆறடியின் பூர்வீகம் அங்கேதான் என்கிறார்கள். உலக சுகாதார அமைப்பு ஒரு மீட்டர் போதும் என்றது. நம் மத்திய அரசு இரண்டு கஜம், அதாவது ஆறடி என்றது. கடையில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் கூடாது என்பதும் அதே 2020 மே மாத உத்தரவில் இருந்தது.

வெல்ஸ் சொன்ன அந்த மிதக்கிற துளியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். காற்றோட்டம் இல்லாத, கூட்டமான அறைகளில் மூச்சுக் காற்று வழியாகவே பரவலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2021 ஏப்ரல் கடைசியில்தான் தன் விளக்கத்தில் தெளிவாக எழுதியது. ஆக, கதவைச் சாத்திய ஏசிக் கடைக்குள் ஆறடி தள்ளி அரை மணி நேரம் நிற்பதைவிட, என் கடை வாசலில் நாலடியில் நிற்பது எனக்குப் பயம் குறைவு. இது கடைக்காரன் பேச்சு, டாக்டர் பேச்சு இல்லை. வியாபாரமும் கலந்திருக்கலாம்.

ஆறடி எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் பூக்காரரிடம் நாலு முழம் கதம்பம் வாங்கி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழம் ஒன்றரை அடி. எங்கள் ஊர்ப் பூக்கார அக்காவின் முழத்தில் அளந்தால் மட்டும் ஐந்தடிதான் வரும்.

கேள்வி: வெண்டைக்காயைத் தொடக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். கடைப் பையன் அள்ளிப் போட்டதில் பாதி முற்றல். கேட்டால் “கொரோனாக்கா” என்கிறான். இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?
(இல்லத்தரசி, திருவையாறு)

பதில்: அக்கா, வெண்டைக்காயை நுனி ஒடிக்காமல் வாங்குவது, பெண் பார்க்காமல் கல்யாணம் பண்ணுவது மாதிரி. முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்க வேண்டும். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்ட வேண்டும். கத்தரிக்காயின் காம்பைத் தூக்கிப் பூச்சி ஓட்டை தேட வேண்டும். எங்கள் அப்பாயி புடலங்காயைக் கட்டை விரலால் லேசாக அமுக்கிப் பார்த்தே எந்தப் படுகையில் விளைந்தது என்பாள். சரியாகச் சொன்னாளா என்று யாரும் சோதித்ததில்லை, அது வேறு.

ஊரடங்கில் பல ஊர்களில் 100 ரூபாய்க் காய்கறிப் பை போட்டார்கள். நல்ல ஏற்பாடு. என் வீட்டுக்கும் ஒன்று வந்தது. இரண்டு பேருக்கு ஒரு முழுப் பூசணிக் கீற்றும் ஒற்றைக் கேரட்டும். அந்த ஒற்றைக் கேரட்டை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கடைப் பையனுக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021 ஏப்ரலில் சொன்னது: கிருமி பட்ட பொருளைத் தொடுவதால் தொற்றுகிற வாய்ப்பு, ஒரு தொடுதலுக்கு 10,000-இல் 1-க்கும் குறைவு. ஆக, வெண்டைக்காய் மேல் பழி போட வேண்டாம். நானும் போன வருடம் கயிறு கட்டியவன்தான். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், மஞ்சள் தண்ணீரில் தக்காளியை ஊறவைத்தேன், ரூபாய் நோட்டுக்கு இஸ்திரி போட்டேன். ஒரு 50 ரூபாய் நோட்டு சுருண்டுபோய்விட்டது. இப்போது கடை வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்திருக்கிறேன். கையைக் கழுவுங்கள், பொறுக்குங்கள், போகும்போது இன்னொரு தடவை கழுவுங்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அது இப்போது துணி காயப்போட உதவுகிறது.

நுனியை ஒடித்துவிட்டு வாங்காமல் போவதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் பழக்கம் கொரோனாவுக்கு முன்னாலேயே எனக்குப் பிடிக்காது.

கேள்வி: ஆவணியில் எனக்குக் கல்யாணம். ஜவுளிக் கடையில் உடுத்திப் பார்க்கும் அறையைப் பூட்டிவிட்டார்கள். சுடிதார் அளவு சரியில்லாவிட்டால் மாற்றவும் மாட்டார்களாம். என்ன செய்வது?
(மணப்பெண், மயிலாடுதுறை)

பதில்: வாழ்த்துக்கள் தங்கச்சி. உனக்கு நன்றாகப் பொருந்தும் பழைய சுடிதார் ஒன்றை மடித்துக் கையோடு எடுத்துப் போ. அதை மேலே விரித்து அளவு பார். தோளும் நீளமும் சரியாக இருந்தால் போதும், இடுப்பைத் தையல்காரர் பார்த்துக்கொள்வார். சேலைக்கு இந்தக் கவலையே இல்லை என்று என் வீட்டுக்காரி சொல்லச் சொன்னாள்.

கேள்வி: எனக்குக் காது மந்தம். இத்தனை வருடமும் உதட்டசைவைப் பார்த்தே சமாளித்தேன். இப்போது எல்லோரும் முகக்கவசம். ஆறடியில் நின்று கடைக்காரர் என்னவோ கேட்கிறார். நான் தலையாட்டுகிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சோம்புக்குப் பதில் சீரகம். பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவது மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது.
(ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

பதில்: டீச்சரம்மா, காது நன்றாகக் கேட்கிற நான் செய்ததைச் சொல்கிறேன்.

இந்த ஆடிப்பெருக்குக்கு முதல் நாள். ஆற்றங்கரையில் கூடக் கூடாது என்று தடை இருந்தாலும் காப்பரிசி கிளறாமல் எங்கள் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அடுத்த தெருப் பெரியம்மா ஒருவர், எழுபது தாண்டியவர், மூன்றாவது வட்டத்தில் நின்றுகொண்டு வெல்லம் கேட்டார். அவருக்கு இரட்டைத் துணி முகக்கவசம், எனக்கு ஒன்று, நடுவில் நான் தொங்கவிட்ட கண்ணாடித் தாள். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். என் காதில் விழுந்தது “நாலு கிலோ”. “நாலு கிலோவா?” என்று கத்தினேன். தலையாட்டினார். அச்சு வெல்லம் நாலு கிலோ எடை போட்டு, பையில் கட்டி, பணம் வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் எல்லாம் ஊரிலிருந்து வருகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கை நடுங்குகிறது. ஒரு கையில் பை, இன்னொரு கையில் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, “கால்” என்றார். கால் கிலோ. வீட்டில் இருப்பது அவர் ஒருவர்தான். பிள்ளைகள் யாரும் வரவில்லை. மருந்து வாங்க வைத்திருந்த பணத்தையும் சேர்த்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். “என்னாத்துக்கு இவ்ளோ கட்டுறான்னு நெனச்சேன், விலை ஏறிடுச்சு போலன்னு குடுத்துட்டேன்” என்றார். கனத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு நடந்திருக்கிறார். வாய் திறந்து மன்னிப்புக் கேட்க எனக்கும் முகக்கவசத்தை இறக்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலமே என் மகளின் பழைய சிலேட்டைத் தேடி எடுத்துக் கல்லாவில் மாட்டினேன். எடை போடும் முன் எழுதிக் காட்டுகிறேன். கால் என்றால் ¼, நாலு என்றால் 4. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படிக்கல்லையே தூக்கிக் காட்டுகிறேன். டிஜிட்டல் தராசு வந்த பிறகு மூட்டை கட்டிப் போட்டிருந்த கல்லுக்கு மறுபடி வேலை வந்திருக்கிறது.

உங்களுக்கு என் யோசனை: சீட்டைப் பெரிய எழுத்தில் எழுதிப் போங்கள், அளவை எழுத்தாலும் எண்ணாலும். சீட்டின் மேலேயே “எனக்குக் காது கேட்காது, எழுதிக் காட்டவும்” என்று ஒரு வரி. கூச்சப்படாதீர்கள். வாட்ஸ்அப் இருந்தால் முதல் நாள் ராத்திரியே சீட்டைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், நல்ல கடைக்காரர் கட்டி வைப்பார். உச்சுக் கொட்டுகிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: தள்ளி நிற்க வைத்துவிட்டு விலையை மட்டும் கிட்டத்தில் கொண்டுவந்தீர்களே! கொரோனாவைச் சொல்லி மளிகைக்காரர்கள் அடித்த கொள்ளையைப் பற்றி வாய் திறப்பீர்களா?
(விவசாயி, திருத்துறைப்பூண்டி)

பதில்: திறக்கிறேன். எண்ணெய் விலை ஏறியதற்கு நாங்கள் காரணமில்லை. நாம் சாப்பிடும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு, அங்கே ஏறினால் இங்கே ஏறும். ஆனால் ஏற்றிய கடைக்காரர்களும் உண்டு. நானும் ஒரு வாரம் ஏற்றினேன். 2020 ஏப்ரல் முதல் வாரம், லாரி வராது என்று பேச்சு. வரமிளகாய் எனக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கூடுதலாக வந்தது. நான் 20 ரூபாய் கூட்டி விற்றேன். அந்த 8 ரூபாய் பயத்துக்கு வைத்த விலை. பற்று நோட்டில் எழுதியவர்களுக்குப் பிறகு கழித்துவிட்டேன். ரொக்கம் கொடுத்தவர்கள் யார் யார் என்று ஞாபகமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020 செப்டம்பரில் அபராதப் பட்டியல் வந்தது. முகக்கவசம் இல்லையென்றால் 200, இடைவெளி விடாவிட்டால் 500, விதியை மீறும் கடைக்கு 5,000. வாடிக்கையாளர் இரண்டு பேர் ஒட்டி நின்று குடும்பக் கதை பேசினாலும் 5,000 எனக்கு. அதனால்தான் “தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க” என்று தொண்டை கிழியக் கத்தினோம். அந்தக் கத்தலில் மரியாதை குறைந்துபோனது உண்மை.

கேள்வி: கடைகளில் “சமூக இடைவெளி கடைப்பிடிக்கவும்” என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என் தாத்தா அதைப் படித்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். “இது எங்களுக்குப் புதுசா?” என்கிறார். வெறும் வார்த்தைக்கு இவ்வளவு கோபப்படலாமா?
(ஐடிஐ மாணவர், கீழ்வேளூர்)

பதில்: கோபப்படலாம் தம்பி. உலக சுகாதார அமைப்பே 2020 மார்ச்சில், உடல் தூரம் என்று சொல்லுங்கள், ஜனங்கள் மனதால் விலக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. தமிழில் தனிமனித இடைவெளி என்று நல்ல வார்த்தை இருக்கிறது. என் கடைப் பலகையில் இப்போது “தள்ளி நிற்கவும்” என்றுகூட இல்லை, “கொஞ்சம் இடம் விட்டு நில்லுங்க” என்றிருக்கிறது. அந்த மாற்றம் ஏன் வந்தது என்று சொல்கிறேன். தாத்தாவுக்குப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

1970 வாக்கில் இதே இடத்தில் அப்பாவின் கடை. அப்போது மூன்று படி. படியேறி வந்து வாங்குபவர்கள் சிலர். கீழேயே நின்று வாங்குபவர்கள் நிறையப் பேர். கீழே நிற்பவர்கள் காசை ஒரு பலகையில் வைப்பார்கள். அப்பா அதன் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு எடுப்பார். பொட்டலத்தைக் கையில் கொடுக்க மாட்டார், மேலிருந்து துண்டில் போடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டு அதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அப்பாவின் கடைசிக் காலத்தில் பலகை எப்படியோ காணாமல் போனது. படிகளை நான் கடை எடுத்துக் கட்டியபோது இடித்தேன்.

2020 ஏப்ரலில் யாரோ சொன்னார்கள் என்று, நீளக் குச்சியில் ஒரு தட்டைக் கட்டி அதை நீட்டிக் காசு வாங்கினேன். கோயில் குருக்களுக்கும் அதே தட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் அதே தட்டு. நாற்று நடவுக்கும் களை எடுக்கவும் போகிற பெரியவர் ஒருவர் வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும், அப்பா காலத்து வாடிக்கை. தட்டை நீட்டினேன். மடியிலிருந்து 50 ரூபாயை எடுத்தவர், வைக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பலகை திரும்பி வந்துடுச்சா முதலாளி?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். எல்லோருக்கும் ஒரே தட்டுதான் பெரியவரே என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவர் பணத்தை வைத்தார், நான் இழுத்துக்கொண்டேன். புகையிலையும் அரைக்கிலோ பச்சரிசியும் வாங்கிக்கொண்டு போனார். அன்று கடை சாத்தும்போது குச்சியை முறித்து அடுப்புக்குப் போட்டேன். மறுநாளிலிருந்து கையில் வாங்கிக் கை கழுவிக்கொள்கிறேன். அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு நாலைந்து தடவை வந்தார். அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

கேள்வி: மாமா, எங்க தெருக் கடையில சாமான் வாங்கினா கை நிறையப் பொட்டுக்கடலை தருவாங்க. கொரோனா வந்ததிலிருந்து தர்றதே இல்ல. நீங்களும் நிறுத்திட்டீங்களா?
(ஐந்தாம் வகுப்பு மாணவி, சுவாமிமலை)

பதில்: நிறுத்திவிட்டேன் கண்ணு. டப்பாவில் எல்லோரும் கைவிட்டு அள்ளுவதைப் பார்த்துப் பயந்து, போன வருடமே மேல் தட்டில் தூக்கி வைத்துவிட்டேன். கறிவேப்பிலைக் கொசுறும் அதோடு நின்றது. உன் கடிதத்தைப் படித்த அன்று டப்பாவை இறக்கிப் பார்த்தேன், எல்லாம் நமுத்துப்போயிருந்தது. புதுசாக ஒரு கிலோ எடுத்து, நாட்டுச் சர்க்கரை கலந்து, பழைய பேப்பரில் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து வைத்திருக்கிறேன். அறுபது பொட்டலம் மடிக்க ஒரு மதியம் முழுக்க ஆயிற்று. முதல் நாள் ஆறு பிள்ளைகள்தான் வந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லாததால் எங்கள் சாலைப் பக்கம் பிள்ளைகளே வருவதில்லை. மீதியை நானும் கடைப் பையனும் தின்றுகொண்டிருக்கிறோம். பாபநாசம் பக்கம் வந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, புங்கமரத்துக்கு எதிர்க் கடை.